தொட்டுச் செய்கிற வேலை: செவிலியர் பணி, கல்வி, சாதி

(மார்ச் 10, சாவித்திரிபாய் புலே நினைவு நாளில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நர்சிங் மாணவிகள் சிலர் வார்டு ட்யூட்டி முடிந்து யூனிபார்மோடு நேராக இங்கே வந்திருக்கிறீர்கள் என்று வாசலில் தோழர் சொன்னார். பசியோடு இருப்பீர்கள். சுற்றி வளைக்காமல் பேச்சுக்கு வருகிறேன்.

சாவித்திரிபாயை நாம் ஆசிரியராகவே கொண்டாடுகிறோம். 1848, புனே, பிடே வாடா பள்ளி, போகிற வழியில் அவர்மேல் வீசப்பட்ட சாணி, பையில் வைத்திருந்த மாற்றுப் புடவை. இந்தக் கதை நம் கூட்டங்களுக்கு வரும் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். அவர் எப்படி இறந்தார் என்று பேசுவது குறைவு. 1897-இல் புனேயில் பிளேக் பரவியது. அவருடைய வளர்ப்பு மகன் யஷ்வந்த் டாக்டர். ஹடப்சர் பக்கம், ஊருக்கு வெளியே, நோயாளிகளுக்கு ஒரு மருத்துவமனை போட்டார்கள். முந்த்வாவில் மகார் குடியிருப்பில் பாண்டுரங் பாபாஜி கெய்க்வாட் என்ற சிறுவனுக்கு பிளேக் கண்டிருப்பதாகத் தகவல் வந்தது. 66 வயது சாவித்திரிபாய் அவனை முதுகில் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தார். பையன் பிழைத்தான். அவருக்குத் தொற்றியது. மார்ச் 10 அன்று இறந்தார்.

அதே ஆண்டு, அதே புனே. பிளேக் அதிகாரி ராண்ட் ஜூன் 22-ஆம் தேதி சுடப்பட்டார். சோல்ஜர்கள் வீட்டுக்குள் வந்தார்கள், பெண்களைத் தொட்டார்கள், பூஜையறைக்குள் நுழைந்தார்கள் என்ற கோபம் அதற்குப் பின்னால் இருந்தது. சோல்ஜர்கள் செய்த அத்துமீறலை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் பாடப்புத்தகத்தில் 1897 புனே என்றால் அந்தத் துப்பாக்கிதான் இருக்கிறது. யாரும் தொட மறுத்த பிள்ளையைத் தொட்டுத் தூக்கிய முதுகு அதில் இல்லை.

ஆகவே இன்றைக்கு நான் அவரை ஒரு நர்ஸ் என்றே சொல்கிறேன். மே 12 நைட்டிங்கேல் பிறந்த நாள், உலக செவிலியர் தினம். அதில் எனக்குச் சண்டை இல்லை. நம் மன்றத்தின் நாள்காட்டியில் மார்ச் 10-ஐயும் செவிலியருக்கான நாளாகக் குறித்துக்கொள்ளலாம்.

இனி ஒரு தெர்மாமீட்டரைப் பற்றி. அம்பேத்கரின் ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ சிறு நூலை இங்கே பலர் படித்திருப்பீர்கள். அதில் 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’வில் வந்த ஒரு கடிதத்தை எடுத்துத் தருகிறார். எழுதியவர் கத்தியவாரில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வாத்தியார், தீண்டப்படாதவர். மனைவிக்குக் குழந்தை பிறந்த இரண்டாம் நாள் உடம்புக்கு முடியாமல் போகிறது. டாக்டர் சேரிக்குள் வர மாட்டேன் என்கிறார். கெஞ்சிக் கூத்தாடி, 2 ரூபாய் கட்டணம் தருவதாகச் சொன்ன பிறகு ஒரு நிபந்தனை போடுகிறார்: நோயாளியைக் குடியிருப்புக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன். பிள்ளை பெற்ற இரண்டு நாள் பச்சை உடம்பை வெளியே தூக்கி வருகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை எடுத்து ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம், கணவர் மனைவியிடம். திரும்பி வந்ததும் அதே வழி. விளக்கு வெளிச்சத்தில் அளவைப் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிப் போய்விடுகிறார். அதற்குப் பிறகு கூப்பிட்டபோது வரவில்லை. அந்தப் பெண் இறந்துபோனார்.

சிகிச்சையை முழுதாக மறுத்திருந்தால் அது ஒரு குற்றம், அவ்வளவுதான். இங்கே சிகிச்சை நடக்கிறது. கருவி இருக்கிறது, கட்டணம் இருக்கிறது, நோயின் பெயர்கூடச் சரியாக இருக்கலாம். தொடுவதை மட்டும் மூன்று கைக்குப் பங்கு போட்டுவிட்டார்கள். இன்றைய மருத்துவமனையை நான் பார்ப்பது இந்தக் காட்சி வழியாகத்தான். யார் கையிலிருந்து யார் கைக்கு எது போகிறது? கடைசியில் உடம்பைத் தொடுகிற கை யாருடையது?

என் அம்மா ஒரு மாவட்டத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் 26 வருஷம் ஆயாவாக இருந்தார். ஊர் பேர் சொல்லவில்லை. எந்த ஊர் சொன்னாலும் பொருந்தும். பிரசவ வார்டில் ரத்தம் தோய்ந்த துணி, நஞ்சுக்கொடி, பெட்பேன், வாந்தி, எனிமா எல்லாம் அம்மா கை. ஊசி நர்ஸ் கை. கத்தி டாக்டர் கை. சம்பளம் எப்படி ஏறுமோ அப்படி உடம்பிலிருந்து விலகிப் போவார்கள். கூப்பிடுகிற முறையிலும் இது தெரியும். டாக்டரை எல்லாரும் சார், மேடம் என்பார்கள். நர்ஸ் என்றால் சிஸ்டர். 50 வயது அம்மாவை 23 வயது ஹவுஸ் சர்ஜன் பெயர் சொல்லி, ‘வா, போ’ என்றுதான் கூப்பிடுவார். நர்ஸ்கள் டீ குடித்த டம்ளர் வேறு, அம்மா குடித்த டம்ளர் வேறு. யாரும் அதைச் சட்டமாகச் சொன்னதில்லை. அம்மா டம்ளர் ஜன்னல் மேல் இருக்கும், அவ்வளவுதான்.

சமூகவியல் எம்.ஏ. படிக்கும்போது எவரெட் ஹியூஸ் என்ற அமெரிக்க சமூகவியலாளரைப் படித்தேன். ‘அழுக்கு வேலை’ பற்றி எழுதியவர், நர்ஸ்களைப் பற்றியும் 1958-இல் சகாக்களோடு சேர்ந்து ஒரு புத்தகம் கொண்டுவந்தவர். ஒரு தொழில் தன் மதிப்பை உயர்த்திக்கொள்ள விரும்பும்போது, தன்னிடம் இருக்கும் அருவருப்பான வேலைகளை அடுத்த கீழ்ப்படிக்குத் தள்ளிவிடும் என்பது அவர் காட்டிய விஷயங்களில் ஒன்று. வகுப்பில் அதைக் கேட்டதும் எனக்கு அம்மாவின் டம்ளர்தான் ஞாபகம் வந்தது. ஆனால் ஹியூஸுக்குத் தெரியாத ஒன்று அம்பேத்கருக்குத் தெரியும். இங்கே வேலையை மட்டும் பிரிப்பதில்லை, ஆளையும் பிரித்து அடுக்குகிறார்கள். அமெரிக்காவில் கீழே தள்ளப்பட்ட வேலைக்கு ஆள் தேட வேண்டும். இங்கே ஆள் ஏற்கெனவே தயாராக இருக்கிறது, பிறப்பிலேயே.

இந்திய செவிலியர் வரலாறே இந்தப் பிரச்சினையில்தான் தொடங்குகிறது. பிரசவம் பார்ப்பதும் தொப்புள்கொடி அறுப்பதும் தீட்டு என்பதால் வடக்கே பல இடங்களில் அது சமார் பெண்கள் வேலை. தமிழ்நாட்டில் பெரும்பாலும் மருத்துவர் சாதிப் பெண்கள், சில பகுதிகளில் நம் சேரிப் பெண்கள். 1871-இல் சென்னை பொது மருத்துவமனையில் பயிற்சி தொடங்கியதும், 1885-இல் டஃபரின் நிதி வந்ததும், ‘கௌரவமான குடும்பத்துப் பெண்கள்’ இதற்கு வர வேண்டும் என்பது பெரிய கவலையாக இருந்தது. அவர்கள் வரவில்லை. அடுத்தவர் உடம்பைத் தொடும் வேலை, இரவு நேர வேலை, ஆண் நோயாளிகள். கிறிஸ்தவப் பெண்கள் வந்தார்கள், கேரளத்திலிருந்து நிறையப் பேர். 1909-இல் வேலூரில் ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கினார். 1926-இல் சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சியர் சட்டம் வந்தது. பதிவேடு வந்தது. பதிவேட்டில் பெயர் இல்லாத கைகள் எல்லாம் அறியாமையின் கைகள் என்று ஆயின.

நான் மருத்துவச்சியைத் தெய்வமாக்க வரவில்லை. துருப்பிடித்த கத்தியாலும் மூங்கில் சிம்பாலும் கொடி அறுத்து, பச்சைக் குழந்தைகள் வலிப்பு ஜன்னி கண்டு செத்தது நம் வீடுகளிலும் நடந்தது. என் அம்மாவுக்கு முன்னால் பிறந்த ஒரு பிள்ளை அப்படித்தான் போனது என்று பாட்டி சொல்லியிருக்கிறார். தேசியக் குடும்ப நல ஆய்வின் 2019–21 கணக்குப்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. இது பெரிய சாதனை. அதைக் கிராமம் கிராமமாக நடந்து சாதித்தவர்கள் கிராம சுகாதார செவிலியர்கள். என் கேள்வி வேறு: பிரசவம் குடிசையிலிருந்து லேபர் வார்டுக்குப் போனபோது தீட்டு எங்கே போனது? அதுவும் கூடவே போனது. அதை ஆயாவிடம் கொடுத்தார்கள். இப்போது ஆயா வேலையும் துப்புரவு வேலையும் அவுட்சோர்சிங் கம்பெனியிடம் போய்விட்டன. அரசு வேலையாக இருந்தால் பட்டியல் சாதியினருக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் என்று கணக்கு உண்டு. கம்பெனிக்காரனிடம் எந்த ஒதுக்கீடும் இல்லை. ஆனாலும் போய்ப் பாருங்கள், துடைப்பம் பிடிக்கும் இடத்தில் மட்டும் யாரும் கேட்காமலே நம் ஆட்கள் நிறைந்திருப்பார்கள்.

இப்போது மாணவிகளுக்கு. முதலாமாண்டில் உங்களுக்கு என்ன சொல்லித் தருகிறார்கள்? படுக்கை விரிப்பது, படுக்கையிலேயே குளிப்பாட்டுவது, வாய் சுத்தம் செய்வது, முதுகு துடைத்துவிடுவது, பெட்பேன் வைப்பது. சேர்ந்த புதிதில் டம்மிமேல் செய்து காட்டி மார்க் வாங்குகிறீர்கள். வேலைக்குப் போனதும் இதெல்லாம் ஆயாவுக்கும் நோயாளியின் சொந்தக்காரருக்கும் போய்விடுகிறது. உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கணக்குப் போடுவோம். 40 நோயாளி உள்ள வார்டு, இரவு 12 மணி நேர ட்யூட்டி, ஒரே நர்ஸ். அதில் 8 பேர் புரண்டு படுக்க முடியாதவர்கள். படுக்கைப் புண் வராமலிருக்க 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஒருவருக்கு 5 நிமிடம் என்றால் ஒரு சுற்றுக்கு 40 நிமிடம், ஆறு சுற்றுக்கு 4 மணி நேரம். இது இரண்டு பேர் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை. இருப்பவர் ஒருவர். அவரே ஊசி போட வேண்டும், டிரிப் மாற்ற வேண்டும், அட்மிஷன் எழுத வேண்டும். பயிற்சி மருத்துவமனை வார்டில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர், தீவிர சிகிச்சையில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். அது தாளில் இருக்கிறது. அதனால் யாருக்குப் புண் வருகிறது? பக்கத்தில் சொந்தக்காரர் இல்லாதவருக்கு. தினக்கூலிக்குப் போனால்தான் சோறு என்பதால் கூட இருக்க முடியாத குடும்பத்தின் நோயாளிக்கு. அது எந்தத் தெரு ஆள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முடியாது என்று யாராவது சொன்னால் மும்பை கே.இ.எம். மருத்துவமனையைக் காட்டுங்கள். 1973 நவம்பரில் தாக்கப்பட்டு நினைவிழந்த அருணா ஷான்பாக்கை, 2015 மே மாதம் அவர் இறக்கும்வரை அங்கே இருந்த நர்ஸ்கள் பார்த்துக்கொண்டார்கள். அவருக்குப் படுக்கைப் புண் வராமல் காத்தார்கள். 2011-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பில் அவர்களைப் பாராட்டியது. தலைமுறை மாறி மாறி வந்த நர்ஸ்கள். தன்னோடு வேலை செய்தவள் என்ற உரிமை அவர்களைச் செய்யவைத்தது. அந்த உரிமையை ஊர் பேர் தெரியாத நோயாளிக்கும் எப்படிக் கொடுப்பது என்பதுதான் நர்சிங் கல்வி சொல்லித் தர வேண்டியது. அங்கே சாதி என்ற சொல்லே வராமல் நான்கு வருஷம் முடிந்துவிடுகிறது. சமூகவியல் ஒரு பாடமாக இருக்கிறது. அதில் சாதி ஒரு ‘சமூக நிறுவனம்’, ஐந்து மதிப்பெண் கேள்வி.

கல்வி என்றதும் காசு விஷயத்துக்கு வருகிறேன். இது உங்களில் பலருடைய கழுத்தில் இருக்கும் கயிறு. அரசாணை எண் 92, 2012. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும், பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரான மாணவர்களுக்கும் குடும்ப வருமான வரம்புக்குள் இருந்தால் சுயநிதிக் கல்லூரியிலும் கல்விக் கட்டணத்தை அரசே கொடுக்கும் என்றது. நம் தெருக்களிலிருந்து ஏராளமான பெண் பிள்ளைகள் நர்சிங்குக்குப் போனது இதற்குப் பிறகுதான். 2017-இல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு இல்லை என்று மாற்றினார்கள். இந்த மாற்றம் ஊருக்கு வரும் புரோக்கருக்குத் தெரியும், பிள்ளையின் அப்பாவுக்குத் தெரியாது. ‘ஸ்காலர்ஷிப்லயே படிச்சிடலாம்ணே’ என்று கூட்டிப் போகிறான். தலைக்கு இவ்வளவு என்று கல்லூரியில் வாங்கிக்கொள்கிறான். பெங்களூருக்கும் கூட்டிப் போகிறார்கள்.

என் அக்கா மகள் அப்படிச் சேர்ந்தவள். கல்லூரி பெயர் வேண்டாம். இரண்டாம் வருஷம் ஸ்காலர்ஷிப் வரவில்லை என்றார்கள். மூன்றாம் வருஷம் பரீட்சைக்கு முன்னால் அக்கா தோட்டை வைத்தார். படிக்கும்போது மூன்று ஷிப்டும் அந்தக் கல்லூரியின் சொந்த ஆஸ்பத்திரியிலேயே வேலை பார்த்தாள். அதற்குப் பெயர் பயிற்சி. அவள் அங்கே நின்றதால் எத்தனை ஸ்டாஃப் நர்ஸ் சம்பளம் அவர்களுக்கு மிச்சமானது என்று யாரும் அவள் பாக்கியில் கழிக்கவில்லை. படிப்பு முடிந்தது, சான்றிதழ் தரவில்லை. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல்கூட அவர்களிடம். சான்றிதழ் இல்லாமல் மாநில கவுன்சிலில் பதிய முடியாது, பதியாமல் நர்ஸ் என்று வேலைக்குப் போக முடியாது. ஒன்றரை வருஷம் ஒரு நர்சிங் ஹோமில் ‘அசிஸ்டன்ட்’ என்ற பெயரில் நர்ஸ் வேலையைப் பாதிச் சம்பளத்துக்குப் பார்த்தாள். கல்விச் சான்றிதழை அடகுப் பொருள்போலப் பிடித்துவைக்கக் கல்லூரிக்கு உரிமை இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைச் சொல்லி ஒரு வக்கீல் தோழர் நோட்டீஸ் அனுப்பினார். பத்து நாளில் கவரில் போட்டு எல்லாம் வந்துவிட்டது. ஒன்றரை வருஷம் நாங்கள் ஏன் சும்மா இருந்தோம்? நான் அக்காவின் தங்கை, ஊருக்கெல்லாம் கூட்டம் போட்டுப் பேசுகிறவள். எனக்கே அவள் சொல்லவில்லை, வெட்கம். கடன் பட்டது நம் தப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

வேலை கிடைத்தபிறகும் கதை பெரிதாக மாறவில்லை. 2016-இல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனை அரசு நர்ஸுக்கு இணையான சம்பளம் தர வேண்டும், 50 படுக்கைக்குக் குறைந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. கேரளத்தில் நர்ஸ்கள் சங்கம் வைத்து, ஸ்ட்ரைக் செய்து 2018-இல் குறைந்தபட்சச் சம்பளத்தை 20,000 ஆக்க வைத்தார்கள். இங்கே அரசே 2015-இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆள் எடுத்தது. 2017 நவம்பரில் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கான நர்ஸ்கள் தரையில் உட்கார்ந்தார்கள். கொரோனா காலத்தில் எடுத்த 2,000-க்கும் மேற்பட்டவர்களை 2022 டிசம்பர் 31-ஆம் தேதியோடு போகச் சொன்னார்கள். பால்கனியில் நின்று கைதட்டிய நடுத்தர வர்க்கம் அன்றைக்குக் கைதட்டவும் வரவில்லை, கூட நிற்கவும் வரவில்லை. அந்தப் போராட்டங்களில் ஆயாக்களும் துப்புரவுப் பணியாளர்களும் நர்ஸ்களோடு ஒரே பந்தலில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசித்ததுண்டு. தனித்தனிச் சங்கம், தனித்தனிக் கோரிக்கை. டம்ளர் போலவே.

கசப்பான ஒன்றையும் சொல்ல வேண்டும். லேபர் வார்டில் வலியில் கத்தும் பெண்ணைத் தொடையில் அடிப்பது, ‘அன்னிக்குப் படுக்கும்போது தெரியலையா’ என்று கேட்பது. இங்கே இருக்கும் அம்மாக்களில் பாதிப் பேர் கேட்டிருப்பீர்கள். கேட்டது நம் பெண்கள். கேட்டவர்களிலும் நம் பெண்கள் உண்டு. ஆண் பிள்ளைக்கு இவ்வளவு, பெண் பிள்ளைக்கு இவ்வளவு என்று ஆயா கை நீட்டுவதும் உண்டு. என் அம்மாவும் நீட்டியிருக்கிறார். அந்தக் காசில்தான் எனக்குப் பள்ளிக்கூட நோட்டு வாங்கினார். அவர் கை நீட்டிய வீட்டில் அன்றைக்கு என்ன அடகுக்குப் போனதோ எனக்குத் தெரியாது. சம்பளம் குறைவு, ட்யூட்டி அதிகம், அதனால் எரிச்சல் என்று ஒரு விளக்கம் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் அந்த எரிச்சல் தனியார் மருத்துவமனையில் ஏசி அறை நோயாளியிடம் வருவதில்லையே. அங்கே அதே நர்ஸ் ‘மேம், கொஞ்சம் மூச்சை இழுத்து விடுங்க’ என்கிறார். பிரசவ அறையில் மரியாதையான கவனிப்பு வேண்டும் என்று ஒன்றிய அரசு 2017-இல் லக்‌ஷ்யா என்ற திட்டமே போட்டது. திட்டம் வரும்வரை காத்திருந்த மரியாதை அது.

சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. 1955 குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தில் மருத்துவமனையில் சேர்க்க மறுப்பது குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தத்தில் மருத்துவமனைக்குள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைவதைத் தடுப்பதும் சேர்ந்திருக்கிறது. இவை வாசலுக்கான சட்டங்கள். உள்ளே போன பிறகு தெர்மாமீட்டர் எத்தனை கை மாறி வருகிறது என்பதற்கு எஃப்.ஐ.ஆர். போட முடியாது. வீட்டுக்குப் போய் முதியவர்களைப் பார்க்கும் ஹோம் நர்ஸ் தோழிகளைக் கேளுங்கள். மலம் துடைக்க ஆள் வேண்டும், ஆனால் சமையல்கட்டுப் பக்கம் வரக்கூடாது என்கிற வீடு சென்னையில் எத்தனை என்று சொல்வார்கள். சிலர் ஏஜென்சியிலேயே ‘என்ன ஆளுங்க’ என்று கேட்டுத்தான் அனுப்பச் சொல்கிறார்கள்.

அம்மா கடைசியில் மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. பக்கவாதம், இடது பக்கம் வரவில்லை. ஒரு நாள் காலை நான் கேன்டீனிலிருந்து வரும்போது திரை இழுத்திருந்தது. மூன்றாம் வருஷ மாணவி ஒருத்தி உள்ளே அம்மாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்தாள். ‘நீ எதுக்கும்மா, ஆயாவக் கூப்பிடு’ என்று அம்மா குழறிக் குழறிச் சொல்லிக்கொண்டே இருந்தார். 26 வருஷம் மற்றவர்களுக்குச் செய்தவருக்கு, நர்ஸ் உடுப்பு போட்ட பெண் தனக்குச் செய்வது தாங்கவில்லை. ‘எங்களுக்கு இதுதான் பாட்டி முதல் பாடம்’ என்றாள் அவள். முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டுத் திருப்பிப் படுக்கவைத்த பிறகு அம்மா அவளிடம், ‘எந்த ஊரு? எந்தத் தெரு?’ என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளை ஊர் பேரை மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

கடைசியாக ஒரு வேலை. வாசலில் மேஜை போட்டிருக்கிறோம். சான்றிதழ் கல்லூரியில் மாட்டியிருக்கும் மாணவிகள், முடித்துப் போன அக்காக்கள், பெயர், படிப்பு, சேர்ந்த ஆண்டு, அரசு ஒதுக்கீடா நிர்வாக ஒதுக்கீடா, கட்டிய தொகைக்கான ரசீது, இவற்றை எழுதிக் கொடுங்கள். ரசீது இல்லையென்றால் அதையும் எழுதுங்கள். வக்கீல் தோழர்கள் இரண்டு பேர் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும் மாநில ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையத்துக்கும் மனு தயாராக இருக்கிறது. பெயர் நிரப்பினால் போதும். யூனிபார்மில் வந்தவர்கள் முதலில் சாப்பிட்டுவிட்டு வரிசைக்கு வாருங்கள்.